ஓடுபாதையில் ஒரு கெட்டிமேளம்

என் ஆசை மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அங்கேயும் யாருக்காவது கொடி காட்டிக்கொண்டுதான் இருக்கிறாயா?

நேற்று காஜா பேராங் வீட்டிலிருந்து உங்கள் பழைய ஊர் பத்து பெரெண்டாம் பக்கம் போயிருந்தேன். நீ விமானங்களுக்குக் கொடி காட்டி வேலை பார்த்த ராணுவத் திடலில் இப்போது பெட்டியும் கையுமாகச் சனங்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த ஓடுபாதையில் மேளதாளத்தோடு நடந்த மாப்பிள்ளை நானல்லவா!

இந்த மலாய் மண்ணுக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த தை அது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். ராகு காலத்தில் புறப்படக் கூடாது என்று என் சித்தப்பா எங்களை உட்கார வைத்துவிட்டார். ராகு காலம் போனது, மழை வந்தது. சாலை மூழ்கி, நாங்கள் வந்த லாரி திடலருகே நின்றுவிட்டது. பெண் வீடான உங்கள் வீடோ திடலுக்கு அந்தப்புறம். முகூர்த்தம் தவறினால் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டியதுதான் என்றார் அப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்களைத் தேடி வேட்டியை மடித்துக்கட்டியபடி நீ ஓடி வந்தாய். திடல் வாசல் காவலரிடம் மலாயில் கெஞ்சினாய். "செப்பாட், செப்பாட்!" என்று அவரே கம்பிக் கதவைத் திறந்து எங்களை அவசரப்படுத்தினார்.

பாதி தூரம்கூடப் போகவில்லை, விமானம் ஒன்று இறங்க வந்தது. நீ சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டாய்.

"நீ நட மச்சான், இவன நான் பாத்துக்கிறேன்லா! இரு, இத யாரு போடறது?"

மைத்துனன் போடவேண்டிய மோதிரத்தை அங்கேயே என் விரலில் மாட்டினாய். விமானம் மேலே வட்டமடித்தது. பயத்தில் தவில்காரர் அங்கேயே கெட்டிமேளம் கொட்டிவிட்டார்! மணமகள் இல்லாமல் கெட்டிமேளம் கேட்ட மாப்பிள்ளை உலகத்திலேயே நான்தான்.

முகூர்த்தத்துக்குள் தாலி கட்டிவிட்டேன். ஆனால் அதைப் பார்க்க நீ இல்லை. விமானம் இறங்கும்வரை திடலிலேயே நின்றுவிட்டாய். சாப்பாட்டு நேரத்தில் வந்து, "கெட்டிமேளம் கேட்டேன்ல, போதும்" என்று சிரித்தாய். உண்மையில் போதுமாக இருந்ததா, மச்சான்? உன் தங்கை இன்றும் அதைச் சொல்லித்தான் கண் கலங்குகிறாள்.

இந்தத் தையில் உன் பேத்திக்குக் கல்யாணம். அவள் தம்பி மாப்பிள்ளைக்குப் போட, அந்த மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி வைத்திருக்கிறேன். முன்வரிசையில் உனக்கொரு நாற்காலி போடுவேன், சத்தியம். யாரையும் அதில் உட்கார விடமாட்டேன். விமானம் வந்தால் வரட்டும். இந்த முறை கொடியைப் போட்டுவிட்டு, தாலி ஏறுவதைப் பார்க்க வா.

உன் தங்கையின் கைபிடித்த,
உன் மச்சான்