குஞ்சம்மாளுக்காக ஒரு சாட்சி

அரியலூர்,
நவம்பர் 1946

அன்பு மகள் அமிர்தவல்லிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் சென்னையில் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. விடுதியில் இப்போதாவது நல்ல அரிசி போடுகிறார்களா? மழையில் நனைந்துகொண்டு லா காலேஜுக்கு ஓடாதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. அப்பாவும் தம்பியும் தூங்கியாயிற்று, எனக்குத்தான் கண் மூட மாட்டேன் என்கிறது.

திருமழபாடியில் தாத்தா வயலில் நடவு நடும் குஞ்சம்மாளை உனக்கு நினைவிருக்கும். அவளை முதலில் கட்டிய மதுரைவீரன் ஊர்க்கூட்டத்தில் துரும்பைக் கிள்ளிப் போட்டு உறவைத் தீர்த்துவிட்டுச் சிங்கப்பூர் போனான். துரும்பு கிள்ளினால் இருவரும் வேறு கட்டிக்கொள்ளலாம் என்பது அவர்கள் வழக்கம். அவளும் அரியமுத்துவைக் கட்டிக் கைக்குழந்தையோடு இருக்கிறாள். இப்போது திரும்பி வந்தவன் கூப்பிட்டான், அவள் போகவில்லை, புருஷன் இருக்க இன்னொருவனைக் கட்டினாள் என்று கேஸ் போட்டுவிட்டான். அவனுக்கு வக்கீல் உன் அப்பா. குஞ்சம்மாள் தோற்றால் அவளுக்கு ஜெயில்.

கம்பெனிக்காரர்கள் கோர்ட் வைத்த புதிதில் நம் சட்டம் தெரியாமல் பண்டிதரையும் மௌல்வியையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள், பிறகு குற்றத்துக்குத் தங்கள் போக்கில் ஒரே சட்டம் எழுதினார்கள் என்று எழுதியிருந்தாயே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பண்டிதர் குஞ்சம்மாள் தெருப் பக்கம் ஒருநாளாவது வந்திருப்பாரா? வழக்கம் இருந்தால் நிரூபி என்கிறது கோர்ட். போன வாய்தாவில் அவர்கள் தெருப் பெரியவர் கொளஞ்சியப்பனிடம், உங்களுக்கென்று தனிச்சட்டம் உண்டா என்று அப்பா கேட்டாராம். அவர் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டு, எங்களுக்கு ஏதுங்க சட்டம், எசமாங்க சொல்றதுதானுங்க சட்டம் என்றாராம். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை, அப்படியே எழுதிக்கொண்டுவிட்டார்கள். ஒரு கும்பிடுல கேஸ் முடிஞ்சிடுச்சு கமலவேணி என்று அப்பா சிரித்தார்.

துரும்பு கிள்ளிய அன்று நான் கூட்டம் நடந்த களத்தில் நின்று பார்த்தவள், சாட்சி சொல்லப் போகிறேன் என்றேன். வூட்டுலயே ஒன்ன ஜெயிச்சதில்ல, கோர்ட்டுல வேறயா என்றார். அப்புறம் சிரிப்பை விட்டு, ஒருதரம் நடந்தது வழக்கமாகுமான்னு கேப்பேன், என்ன சொல்லுவே என்றார். பதில் இருக்கிறது. குஞ்சம்மாளோடு நடவு நடும் பஞ்சவர்ணமும் வெகுநாள் முன்பே அப்படித் தீர்த்து வேறு கட்டியவள்தான். ஆனால் நான் அவள் பெயரைச் சொல்லி, அவளுடைய பழைய புருஷனும் கேஸ் போட்டுவிட்டால்? இரண்டு நாளாக இதே யோசனை. பொறுக்க மாட்டாமல் இன்று சாயங்காலம் அவளிடமே போய்க் கேட்டேன். என் பேரச் சொல்லுங்கம்மா, உள்ள போட்டா நானும் குஞ்சம்மாளுமா அங்கியும் நாத்து நடுறோம், நீங்க எதுக்குச் சொல்லணும், நானே வந்து சொல்றேன் என்றாள். இரண்டாவது புருஷன் வழிப் பேரன் பேத்தியோடு வருகிறாளாம். குஞ்சம்மாள் வக்கீலுக்கும் சொல்லியனுப்பிவிட்டேன், நாளை எங்கள் இருவரையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்.

அடுத்த வாய்தாவில் அவள் வக்கீல் காட்ட, வழக்கம் ஜெயித்த பழைய தீர்ப்பு ஏதாவது உண்டா என்று உன் புரொபசரிடம் கேட்டு உடனே எழுது, மறந்துவிடாதே. அப்பா மேல் கோபித்துக் கடிதம் போடாதே, வாங்கிய கேஸை நடத்துகிறார். வேளைக்குச் சாப்பிட்டு, தீர்க்காயுசோடு நன்றாயிரு. நாளை உன் அப்பா எழுந்து நின்று, அன்னியரைக் கேட்பதுபோல் என் புருஷன் பெயரைக் கேட்பார். அப்போது என் குரல் நடுங்காமல் இருக்க வேண்டிக்கொள்.

உன் அம்மா,
கமலவேணி