என் மச்சானை உட்காரவைத்து, சாவிக்கடை அக்காவை அழித்த நடைபாதை

அனுப்புநர்:
‘குழிமேடு’ வலைப்பதிவை எழுதுபவன்,
(பகலில் போட்டோ ஸ்டுடியோ ஊழியன்),
ஸ்டுடியோவுக்கு மேல் மாடி,
தங்கள் அலுவலகப் பேனருக்கு நேர் எதிரே.

பெறுநர்:
உயர்திரு மண்டல நகர மேம்பாட்டு அலுவலர் அவர்கள்,
மண்டல அலுவலகம்.

பொருள்: போடாத நடைபாதையைப் போட்டதாகப் பேனர் வைத்தது, அந்தப் பேனரில் இல்லை என்பதற்காகச் சாவிக்கடையைக் காலி செய்யச் சொன்னது, படத்தைச் செய்த என்னையே படத்தைச் சிதைத்தவன் என்றது ஆகியவை குறித்து.

பார்வை: 1. சாவிக்கடையில் ஒட்டப்பட்ட தங்கள் நோட்டீஸ். 2. எனக்கு வந்த தங்கள் சட்டப் பிரிவின் கடிதம். 3. மேற்படி பேனர் (வெளியிலிருந்தும், சாக்கடைக்குள்ளிருந்தும் பார்வையிடப்பட்டது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நான் கோபத்தில் எழுதினேன். என் மனைவி வாசித்துப் பார்த்து, அலுவலர் ஒருவருக்கு எழுதத் தகாதவை என்று சில வாக்கியங்களை அடித்துவிட்டாள். எஞ்சியதே தங்கள் பார்வைக்கு வருகிறது. இதுவும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. எங்கள் வட்டாரத்தில் எந்த விளக்கு எரியவில்லை, எந்தப் பூங்கா ஊஞ்சலுக்குச் சங்கிலி இல்லை, தோண்டிய குழியை எந்தத் தெருவில் மூட மறந்தார்கள் என்பதையெல்லாம் வாரந்தோறும் வலைப்பதிவில் எழுதி வருகிறேன். அதனால் தெருவில் எனக்குக் ‘குழிக்காரர்’ என்று பெயர். வாசகர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார். வெளிநாட்டு வாசகர் ஒருவர் உண்டு. அவர் என் மச்சான், அதுவும் தன் அக்காளுக்குப் பயந்து படிப்பவர். வயிற்றுப்பாட்டுக்கு நான் செய்வது ஸ்டுடியோவில் படங்களைச் சரிசெய்யும் வேலை. பருவை எடுப்பேன், மூடிய கண்ணைத் திறப்பேன், குடும்பப் படம் எடுத்த அன்று வராமல் போன மாமாவைக் கொண்டுவந்து ஓரத்தில் நிறுத்துவேன். ஆகவே, இல்லாததை இருப்பதாகக் காட்டும் கலையில் தங்கள் அலுவலகத்துக்கு நான் அந்நியன் அல்ல. ஒரே வித்தியாசம், நான் வீட்டாரைக் கேட்டுவிட்டுச் செய்வேன்.

2. ஸ்டுடியோவுக்கு எதிரே, பழைய குடோன் மதிலையொட்டி, மூடியில்லாத சாக்கடை ஒன்று ஓடுகிறது. ஓடுகிறது என்பதும் உபசாரமாகச் சொல்வதுதான். அதை மூடி நடைபாதை போடப்போவதாக அலுவலகம் அறிவித்தது. கல் வந்து இறங்கியது. பிறகு வேறொரு லாரி வந்து அந்தக் கல்லை ஏற்றிக்கொண்டு போனது. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் நானே ஒரு நடைபாதை போட்டேன், கம்ப்யூட்டரில். தெருவை நேராக நின்று படம் பிடித்து, சாக்கடை மேல் கல் பதித்தேன். விளக்குக் கம்பங்கள் நட்டேன். ஒரு மரம் வைத்தேன், அதையே இடவலமாகத் திருப்பி இன்னொரு மரமும் வைத்தேன். ஒரு பெஞ்ச் போட்டேன். பெஞ்ச் வெறிச்சென்று இருந்ததால், உறவுக்காரர் கல்யாண வரவேற்புப் படத்திலிருந்து என் மச்சானை வெட்டியெடுத்து அதில் உட்காரவைத்தேன். கோட்டு, டை, கையில் ஐஸ்கிரீம் கிண்ணம். உட்கார்ந்து சாப்பிடுவதில் அவருக்கு இணை கிடையாது என்பதால் தேர்வு செய்தேன். ‘இப்படி இருந்தால் எப்படி இருக்கும்? (கற்பனை)’ என்று தலைப்புப் போட்டு வலைப்பதிவில் ஏற்றினேன். கற்பனை என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்.

3. படத்தில் நான் கை வைக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. சாக்கடைக்கும் மதிலுக்கும் இடையில் இருக்கும் சாவிக்கடை. ஒரு மரப்பெட்டி, ஒரு ஸ்டூல், மேலே நீலத் தார்ப்பாய், கம்பியில் தொங்கும் கை நீளத் தகரச் சாவி. ஸ்டூலில் சாவிக்கடை அக்கா அரத்தைப் பிடித்துக்கொண்டு, யாரையோ திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடைபாதை என்றால் முதலில் மனிதரைத் துடைத்தெடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் மச்சான் பெஞ்சிலிருந்து தலையைத் திருப்பினால் பேச்சுக்கு ஆள் இருக்கட்டும் என்று அக்காவை அக்காவாகவே விட்டேன்.

4. சென்ற மாதம் ஒரு காலை, சாக்கடையின் மதில்பக்கக் கரையில் இரண்டு கம்பங்களை நட்டு, தங்கள் அலுவலகம் ஒரு பேனரைக் கட்டியது. ‘பணி நிறைவுற்றது. மக்கள் பயன்பாட்டில்.’ கீழே என் படம். மக்கள் என்ற இடத்தில் என் மச்சான், ஐஸ்கிரீமோடு. நிறைவுற்ற பணிக்குக் கீழே தவளை கத்திக்கொண்டிருந்தது.

5. இதனால் என் குடும்பத்தில் ஏற்பட்டதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். பேனரை யாரோ படம் பிடித்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். என் மாமியார் போனில் அழுதார். “பெத்த தாயைப் பாக்கணும்னு தோணலையா அவனுக்கு? ஊருக்கு வந்து ரோட்டுல உக்காந்து ஐஸ்கிரீம் தின்னுட்டுப் போயிருக்கான்!” என்றார். அது நான் ஒட்டவைத்தது என்று விளக்கினேன். “அரசாங்கம் பொய் சொல்லுமா, மாப்பிள்ளை? நீங்கதான் அவனை ஒளிச்சு வச்சிருக்கீங்க” என்றார். இதுவரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. மனு எழுதும் உத்தேசமும் இல்லை. பதிவு ஒன்று எழுதி, நாலு பேர் சிரித்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

6. சிரிப்பு நின்றது சாவிக்கடைப் பெட்டியில் தங்கள் நோட்டீஸ் ஒட்டப்பட்ட அன்று. ‘முடிவுற்ற நடைபாதையை மறித்து அண்மையில் ஏற்படுத்தப்பட்ட ஆக்கிரமிப்பு’ என்றும், வரும் திங்கட்கிழமை காலைக்குள் தாமாக அகற்றாவிட்டால் அலுவலகமே அகற்றும் என்றும் அதில் கண்டிருக்கிறது. அக்கா தன் கடை லைசென்சை எடுத்துக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு வந்தார். துணைக்கு நானும் வந்தேன். பிரிவு எழுத்தர் கோப்பைத் திறந்து பேனர் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

“படத்துல நீங்க இல்லையேம்மா.”
“நேர்ல இருக்கேனேப்பா!”
“நேர்ல யார் வேணா இருக்கலாம்மா. ரெக்கார்டுல இருக்கணும்.”
“இந்த ஆபீஸ் பீரோ சாவி தொலைஞ்சப்ப, என் கடைக்கு ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்தீங்களே, அப்ப ரெக்கார்டு பார்த்தா கூப்பிட்டீங்க?”

எழுத்தர் கோப்பை மூடி, அதே பீரோவில் வைத்து, அக்கா போட்டுக் கொடுத்த அதே சாவியால் பூட்டினார். ஐயா, அந்தச் சாவி பூட்டில் திரும்பிய சத்தத்தைக் கேட்டபோது வந்த கோபம்தான் இந்த மனு.

7. வெளியே வந்ததும் அக்காவின் கோபம் என் பக்கம் திரும்பியது. படம் நான் செய்தது என்று தெருவுக்கே தெரியும். “உன் மச்சானுக்கு மட்டும் நிழல்ல பெஞ்ச் போட்டுக் குடுத்திருக்கே. எனக்கு நிக்கக்கூட இடம் இல்லையா, குழி?” என்றார். வழக்கமாகக் குழிக்காரரே என்பார். அன்று வெறும் குழி. நான் என் போனை எடுத்து, தங்கள் அலுவலகம் கடையை அழிக்கும் முன் இருந்த மூலப்படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “உன் போன்ல நான் இருந்து என்ன பிரயோசனம்? பேனர்ல இல்லையே” என்று நடந்துவிட்டார். பிறகு என்னோடு பேசவில்லை. எங்கள் தெருத் தையல்காரர் மட்டும் பேசினார். “வாராவாரம் எங்களுக்காக எழுதுறேன்னு சொல்லிட்டு, எங்கள்ல ஒருத்தியையே காலி பண்ணிட்டீங்களே” என்றார். பேசாமலே இருந்திருக்கலாம்.

8. மூலப்படத்தையும் பேனரையும் அருகருகே வைத்து வலைப்பதிவில் போட்டேன். அதற்குப் பதிலாகத் தங்கள் சட்டப் பிரிவிடமிருந்து கடிதம் வந்தது: ‘அலுவலகத்துக்கு உரிய படத்தைத் தாங்கள் சிதைத்து, அதில் இல்லாத ஒரு கடையைச் சேர்த்து வெளியிட்டிருப்பது தெரியவருகிறது. உடனே நீக்கவும்.’ எந்தப் படத்தில் அக்கா இருக்கிறாரோ, அதை மட்டும் அழித்துவிடச் சொல்கிறது அலுவலகம். என் மச்சானைப் பற்றிச் சட்டப் பிரிவுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அவர் அலுவலகத்துக்குச் சொந்தமாகிவிட்டார்.

9. பேனரை நல்ல தெளிவாகப் படம் பிடித்துவிட வேண்டும் என்று நேற்று முன்தினம் காலை தெருவைக் கடந்து, சாக்கடையையும் தாண்டி அதன் முன் போய் நின்றேன். முழுப் பேனரும் அடங்க வேண்டுமே என்று பின்னால் ஒரு அடி வைத்தேன். தங்கள் ஆவணப்படி அந்த இடத்தில் கல் பதித்திருக்கிறது. நான் இடுப்பளவு உள்ளே இறங்கினேன். முடிவுற்ற நடைபாதையை இவ்வளவு ஆழமாகப் பயன்படுத்திய முதல் பொதுமகன் நானே என்று நினைக்கிறேன். பேச்சை நிறுத்தியிருந்த அக்கா, தார்ப்பாய்க் கழியை நீட்டியபடி பேச்சை ஆரம்பித்தார். “குழியைப் பத்தி எழுதி எழுதி ஆசை தீராம குடிபுகுந்துட்டியா? பிடி இதை. போனைத் தூக்கிப் பிடிக்கிறான் பாரு, உயிர் அதுலதான் இருக்காம்!”

ஐயா, கழியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தபோதுதான் கண்டேன். காலை வெயிலில் அக்காவின் தகரச் சாவி கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நிழல் பின்னாலிருந்த மதிலில் கறுப்பாக விழுந்து, அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணைப் பேனருக்குத் திருப்பினேன். பேனரில் கடை இல்லை, பெட்டி இல்லை, அக்கா இல்லை, தகரச் சாவியும் இல்லை. ஆனால் மதிலில் சாவியின் நிழல் இருக்கிறது. நான் படமெடுத்ததும் இதே காலை வெயிலில்தான். அழித்தவர் கடையை அழித்தார், நிழலை மறந்துவிட்டார். அது என்ன கறை என்றுகூட அவர் யோசிக்கவில்லை. என் மச்சானின் தலைக்கு மேல், எதிலுமே தொங்காத ஒரு சாவியின் நிழல், தங்கள் முத்திரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாக்கடைக்குள் நின்றுகொண்டே நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். மண்டையில் அடிபட்டுவிட்டதோ என்று அக்கா பயந்துவிட்டார்.

10. மேலே ஏறி வந்து அக்காவிடமும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “என் சாவிதான்” என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து, யாருடைய சாவியையோ அராவத் தொடங்கினார். அவர் திட்டாமல் வேலை செய்ததை நான் பார்த்தது அதுவே முதல்முறை. அந்தக் கடைதான் அவருக்கு எல்லாம். வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமே என்று அன்று பீரோவைப் பூட்டிய கையோடு தங்கள் எழுத்தர் சொன்னார். வீட்டுச் சாவியைத் தொலைத்தவர் பதறிப்போய் ஓடிவருவது தெரிந்த இடத்துக்கு. அக்கா எங்கே போய் உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிக்கொண்டு யாரும் திரிய மாட்டார்கள்.

11. கல் பதிக்க ஆள் பற்றாக்குறை என்று இதே அலுவலகம் எனக்கு எழுதியிருக்கிறது. சரி. ஒரு பெண்பிள்ளையைப் படத்திலிருந்து எடுக்க மட்டும் ஆள் எங்கிருந்து வந்தார்? படத்தில் எடுத்ததோடு மனம் ஆறாமல், படம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக நேரிலும் எடுக்க வருகிறீர்கள். படத்தைத் தெருவுக்குப் பொருத்தமாகத் திருத்துவது என் பிழைப்பு. தெருவைப் படத்துக்குப் பொருத்தமாகத் திருத்துவதை நான் இங்கேதான் பார்க்கிறேன். (இந்த இடத்தில் என் மனைவி நீண்ட ஒரு வாக்கியத்தை அடித்திருக்கிறாள்.)

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: திங்கட்கிழமை ஆட்களை அனுப்ப வேண்டாம். நோட்டீசைத் திரும்பப் பெற்றதாக எழுத்தில் கொடுங்கள், அதை அக்கா கையில் கொடுங்கள், பெட்டியில் ஒட்டிவிட்டுப் போக வேண்டாம். சாவிக்கடையைப் படத்திலிருந்து நீக்கியது தங்கள் அலுவலகம்தான், நான் அல்ல என்று ஒரு வரி எழுதுங்கள். அதைத் தையல்காரரிடம் காட்ட வேண்டியிருக்கிறது. நடைபாதையைப் போடுங்கள், சாவிக்கடையை அதன் இடத்தில் விட்டுவிட்டுப் போடுங்கள். போடும்வரை பேனரை இறக்கிவையுங்கள். முடிந்தால் என் மச்சானையும் கோப்பிலிருந்து விடுவியுங்கள். மாமியார் இன்னும் சமாதானமாகவில்லை.

தாங்களே ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் இந்த மனுவுக்கே அவசியமிருக்காது. வரும்போது பின்பக்கமாக அடி வைக்க வேண்டாம் என்று பணிவன்புடன் எச்சரிக்கிறேன்.

இத்துடன் மூலப்படம், கல்யாண வரவேற்புப் படம், பேனரின் படம் (நிழலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன்), நேற்று எடுத்த படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கடைசிப் படத்தைப் பற்றி ஒரு விளக்கம். எடுப்பதற்கு முன் அக்கா என்னிடம், “எப்படி நின்னா அழிக்க முடியாது?” என்று கேட்டார். தனியாக நிற்பவரை அழிப்பது சுலபம், அழிக்க வருபவருக்கு வேண்டிய பொருளோடு சேர்ந்து நின்றால் கஷ்டம் என்று தொழில்முறையில் பதில் சொன்னேன். கேட்டுக்கொண்டு, தகரச் சாவியைக் கழற்றி ஒரு கையில் எடுத்தார். மறு கையால் தங்கள் பேனரின் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கேமராவை முறைத்தபடி நின்றார். படத்தில் தங்கள் அலுவலக முத்திரை இருப்பது சரியாக அவர் தோளுக்குப் பின்னால்.

இனி அவரை எடுத்தால் அதுவும் சேர்ந்துதான் போகும்.

இடம்: மேற்படி சாக்கடையின் எதிர்க்கரை
நாள்: வியாழக்கிழமை, திங்கட்கிழமைக்கு முன்

இப்படிக்கு,
இன்னும் கோபம் தணியாத,
(கையொப்பம்)
குழிக்காரர்

சாட்சிக் கையொப்பம்: சாவிக்கடை அக்கா
(கடை எதிரே, நேரில்)