ஆணா பெண்ணா என்று கேட்டார் கடைக்காரர்

என் கண்ணு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டையும் போட்டுக்கொள்வதால் சுகத்துக்குக் குறைவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பெண்ணும் அப்படியே இருக்க வேண்டும், சண்டையை மட்டும் குழந்தை தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் அப்பா உனக்குச் சொன்னபோது பதிந்து வைத்த நரிக்கதையைப் பேத்தியும் கேட்க வேண்டும் என்றாயே, அதற்காகப் பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கினோம். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரல் மிச்சம் இருப்பது அதற்குள் மட்டும்தானே. பட்டனை அழுத்தினால் பேச்சுமூச்சில்லை. ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போனோம். இப்போது வருவதெல்லாம் ஒல்லிக் கேபிளாம், நம்முடையதற்குப் பட்டைக் கேபிள்தான் சேருமாம். கடைக்காரர் தலை நிமிராமல் ஆணா பெண்ணா என்றார். பேத்தி பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் அதையே கேட்கிற நேரமா, பெண்தான், மூன்று கிலோ, மூக்கு அப்படியே அவள் தாத்தா மூக்கு என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டது கேபிளின் முனையை. ஊசி நீட்டியிருந்தால் ஆண், ஓட்டை இருந்தால் பெண்ணாம். அப்பா சத்தமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைக்காரரும் சிரித்துவிட்டு, "உங்களுக்கு இதுவும் பொண்ணுதாம்மா" என்று, நம் லேப்டாப்பில் சேருகிற மாதிரி ஒன்றைத் தேடிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் ஏறவில்லை. கேபிளில் ஒரு ஓட்டையை அடைத்து வைத்திருக்கிறார்கள், யாரும் தலைகீழாக மாட்டிவிடாமல் இருக்கவாம். நம் டிஸ்க் அந்த வழக்கத்துக்கும் மூத்தது, அதே இடத்தில் ஊசி நிற்கிறது. அழுத்தப் போனேன், அப்பா கையைத் தட்டிவிட்டார். ஊசி உடைந்தால் கதை போச்சே. போனில் கேட்டதற்கு, அந்த ஓட்டைக்குள் கம்பி கிடையாது, துளைத்துக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். தையல் ஊசியைச் சூடாக்கி நானே துளைத்தேன், பட்டன் ஓட்டை போடுகிற கைதானே இது. சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

கதை வந்தது. நரி கிணற்றில் விழும்போது அப்பாவின் உதடும் கூடவே அசைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில், "போதும் நிறுத்துங்க, அவ எப்பவோ தூங்கிட்டா, இன்னும் யாருக்குக் கதை" என்று அன்றைக்கு நான் கத்தியதும் பதிவாகியிருக்கிறது. மானம் போகிறது, வெட்டிவிடலாம் என்றேன். அப்பா சிலேட்டில், பதில் சொல்லியிருக்கிறேன், முழுதும் கேள் என்று எழுதினார். காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். "உனக்குத்தான்" என்கிறார் என்னிடம், மெதுவாக.

வெட்டாமல் அனுப்பியிருக்கிறேன். மறக்காமல் இரண்டு இடத்தில் சேமித்து வை. வெந்நீரே குடி, குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு. மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு,
இன்றைக்கும் கதை கேட்கப் போகிற
உன் அம்மா