ஏரியைச் சுற்றி ஐம்பது

மார்ச் 4

இன்று வகுப்புக்கு வந்தவர் ஒரு பல் மருத்துவர். ஊரே அவர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு நடுங்குகிறது. அவர் என் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார். குப்பை லாரிக்கு வழி விடுவதாக நினைத்து நேரே அதை நோக்கியே போனார். என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். "நீங்களா நிறுத்துனீங்க?" என்று கேட்டார். இல்லை, லாரிக்காரர் வேண்டிக்கொண்டார்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்கு உடம்பில் வேலை செய்வது இரண்டுதான்: வலது கால், வாய். மற்றதெல்லாம் உட்கார்ந்தே வயிறாகிவிட்டது. அடுத்த மாதம் எனக்கு ஐம்பது. விருந்து வேண்டாம், கேக் வேண்டாம், பெரிய ஏரியைச் சைக்கிளில் ஒரு சுற்று வரப்போகிறேன் என்று சாப்பிடும்போது அறிவித்தேன். ஏரியைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டர். வயதுக்கு ஏற்ற தூரம்.

"நானும் வரேன்" என்றாள் மனைவி.

"உனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதே."

"கத்துக்கறேன்."

"சரி, நாளைக்கே ஆரம்பிச்சிடலாம். நான் சொல்லித் தரேன்."

தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "வேண்டாம்" என்றாள்.

இந்த ஊரில் பாதிப் பேர் கையில் இருக்கும் லைசென்ஸ் நான் வாங்கிக் கொடுத்தது. வேண்டாமாம்.

மார்ச் 7

யாரிடம் கற்கிறாள் என்று தெரிந்துவிட்டது. என்னிடம் சம்பளம் வாங்கும் மௌன மேடத்திடம்! டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். வகுப்பு முழுக்க ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கற்பவர் தானாகத் தப்பு செய்து, தானாகத் திருத்திக்கொண்டு, தானாகத் தேறியும் விடுவார். அவர் மாணவர்கள்தான் அதிகம் தேறுகிறார்கள் என்பது உண்மைதான். அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

மார்ச் 19

விளையாட்டு மைதானத்துப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். வேலை என்ன என்று இங்கேயும் எழுதப்போவதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். அவள் கோணலும் மாணலுமாக வருகிறாள், ஹேண்டில் பாரைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்திருக்கிறாள். மேடம் பெஞ்சில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சாயங்காலம் காபி கொடுத்தபோது கேட்டாள்: "என்னங்க, தண்ணித் தொட்டி நல்லாருந்துச்சா?"

ஏப்ரல் 2

ஓட்டிவிட்டாள். மார்க்கெட் வரை போய், காய் வாங்கிக்கொண்டு, ஒரு கீறலும் இல்லாமல் வீடு வந்தாள். பையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரே ஒரு கண்டிஷன். வழியில பாடம் எடுக்கக் கூடாது. எடுத்தீங்கன்னா அந்த இடத்துலயே திரும்பிடுவேன். அதுக்கப்புறம் உங்ககூட எங்கயும் வரமாட்டேன்."

சிரித்துக்கொண்டே சொல்லவில்லை.

மகள் வேலை கிடைத்து வேறு ஊர் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நாள் முழுக்க ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நின்றுவிட்டு வருகிறாள். வந்தால் நான் பேசுவேன், அவள் "ம்" கொட்டுவாள். இப்போதெல்லாம் அந்த "ம்" கூடக் குறைந்துவிட்டது. இருவரும் சேர்ந்து கடைசியாக எங்கே போனோம்? மகளின் பெட்டி படுக்கையை ரயிலில் ஏற்றப் போனோம். அதையும் ஒரு பயணம் என்று சொல்ல முடியுமா?

ஆகவே இந்தச் சுற்று எனக்கு வேண்டும். அவளோடு வேண்டும். வாயை மூடிக்கொண்டால் போதும். அது என்ன பெரிய கஷ்டமா?

ஏப்ரல் 3

கஷ்டம்தான். கேரட் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 11

மகளிடம் போனில் புலம்பினேன். "அப்பா, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றாள். பெற்ற பிள்ளைக்கு எவ்வளவு நம்பிக்கை!

ஏப்ரல் 21

ஐம்பது.

விடிந்ததும் படகுத்துறை டீக்கடையிலிருந்து கிளம்பினோம். அவள் முன்னால், நான் பின்னால். பாதி ஏரி வரை நான் உத்தமன். அவள் நடுரோட்டில் போனாள் – பேசவில்லை. கை காட்டாமல் வளைந்தாள் – உதட்டைக் கடித்துக்கொண்டேன். நாக்கு வீங்கியது போல இருந்தது.

சரியாக எதிர்க்கரையில் ஓர் இறக்கம். கீழே ஒரு வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துவிட்டாள். வேகத்தைக் குறைத்துக்கொண்டும் இருந்தாள். அது எனக்கும் தெரிந்தது. தெரிந்தும், இருபத்தைந்து வருடக் குரல் என்னைக் கேட்காமலே வெளியே வந்தது: "பிரேக்!"

திடுக்கிட்டு இரண்டு பிரேக்கையும் ஒன்றாக அழுத்தினாள். சைக்கிள் நின்றது, அவள் நிற்கவில்லை. ஓரத்துப் புல்லில் போய் விழுந்தாள். எதிரே வந்த காரும் கிறீச்சென்று நின்றது. ஓட்டியவர் என் பழைய மாணவராம், குரலைக் கேட்டதும் கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டதாம். "நல்லாருக்கீங்களா சார்?" என்று நலம் வேறு விசாரித்தார். வாத்துகள் அவசரமில்லாமல் கடந்து போயின.

அவள் எழுந்து முழங்கையைப் பார்த்தாள். ரத்தம். தினமும் பார்க்கிற சமாச்சாரம், அதற்கெல்லாம் அசரவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். அதற்கு நான் அசந்துவிட்டேன்.

"நான் திரும்பறேன்."

அவள் வந்த வழியைப் பார்த்தாள், போகிற வழியைப் பார்த்தாள். வட்டத்தின் சரிபாதியில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தூரம்தான். அது அவளுக்கும் புரிந்து, கோபம் இன்னும் கூடியது.

"நீங்க முன்னாடி போங்க. என்னைத் திரும்பிப் பாக்கக் கூடாது. ஒரு தடவகூட."

போனேன். காரில் மூன்று கண்ணாடி வைத்துப் பின்பக்கம் பார்த்தே பிழைத்தவன். முதலில் அவள் சங்கிலிச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஒரு லாரி கடந்து போனது. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. விழுந்திருப்பாளோ? மயக்கமோ? திரும்பினால் அதோடு தொலைந்தது. திரும்பாமல் அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? ஐயோ, என்ன பிழைப்புடா இது! பயந்தேன். நிஜமாகவே பயந்தேன். ஆனாலும் திரும்பவில்லை.

படகுத்துறையில் இரண்டு டீ ஆறிய பிறகு வந்து சேர்ந்தாள். முகம் கழுவியிருந்தாள். நடுவில் இறங்கி, கரையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாளாம்.

"பாத்தீங்களா?" என்றாள்.

"எதை?"

"ஏரிய."

ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு குழியையும் இப்போது கேட்டாலும் சொல்வேன். ஏரியை நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 22

உட்கார முடியவில்லை. பிழைப்பே உட்காருவதுதான்.

மே 6

முழங்கையில் பக்கு உதிர்ந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை மறுபடி ஏரிக்குப் போறேன்" என்றாள். தகவல்தான், அழைப்பு இல்லை. நான் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து: "வரணும்னா வாங்க."

மே 10

பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம். அறிவுரைக்குத் தடை, எனக்கு வேறு பேச்சும் தெரியாது. அதனால் சும்மா வந்தேன். எதிர்க்கரை நெருங்கும்போது அவளாகப் பேச ஆரம்பித்தாள். பரிசோதனைக் கூடத்துக்கு வந்த புது மெஷின், அதைக் கண்டு பயப்படும் மேலாளர், ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த ஒரு போலீஸ்காரர். வயிறு வலிக்கச் சிரித்தேன். இத்தனை பேச்சையும் இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாள்?

பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "மக இருக்கற ஊர்ல எங்க லேபுக்குப் புதுசா ஒரு கிளை ஆரம்பிக்கறாங்க. என்னைப் பொறுப்பா போகச் சொல்றாங்க. ஒரு வருஷம்."

"எப்பக் கேட்டாங்க?"

"பிப்ரவரில."

மூன்று மாதமாக ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம். போகாதே என்று சொல்ல ஏழெட்டுக் காரணங்கள் வரிசையாக வந்து நின்றன, எல்லாம் நல்ல காரணங்கள்.

"உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் படகுத்துறை வந்துவிட்டது. மிச்சத்தையும் கேட்கலாம் என்று இறங்காமலே இரண்டாவது சுற்றுக்குத் திரும்பினேன். அவளும் வந்தாள்.