கௌஸ்துப் பேருக்கே விழுகிறது

திருப்பதி
4.3.2025

சௌபாக்யவதி ஸ்ரீவல்லிக்கு அம்மா பத்மினி அநேக ஆசீர்வாதம். இங்கே க்ஷேமம்.

நீ ஃபோனை எடுப்பதில்லை. அதனால் கம்பெனி ரிப்போர்ட்டின் வெற்றுப் பக்கத்தில் எழுதுகிறேன். தெலுங்குப் பேப்பர்க்காரன் ‘பிசினாரி கோடீஸ்வரி’ என்று என் படம் போட்டிருந்தான். காசு கொடுத்து வாங்கவில்லை, எதிர்வீட்டில் படித்தேன்.

ஏதாவது கம்பெனி புதுப் பங்கு வெளியிட்டால் வழக்கம்போல் என் பேர், உன் பேர், உன் அண்ணா கௌஸ்துப் பேர், மூன்றிலும் விண்ணப்பிக்கிறேன். அவன் போன பிறகு, பங்கு யாருக்கு என்று போடும் குலுக்கலில் நம் இருவருக்கும் விழுவதேயில்லை. அவனுக்கே விழுகிறது. நேற்றும் விழுந்தது. எனக்குப் பயமாயிருக்கிறது. குழந்தை ஸ்ரீப்ரியாவின் ஆதார் நகல் அனுப்பு. அவள் பேரிலும் ஒரு கணக்குத் திறக்கிறேன்.

அம்மா

பலமனேர்
15.3.2025

அம்மாவுக்கு ஸ்ரீவல்லி சேவித்து எழுதுவது.

என் குழந்தை பேரைத் தரமாட்டேன். செத்தவனோடு அவளையும் ஒரே குலுக்கலில் போடுவாயா? அவன் இறந்ததைப் பேங்குக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறாய். அவன் எப்படிப் போவான்?

கடைசிக் காய்ச்சலில் “ஃபேன் போடும்மா” என்று கெஞ்சினான். “கரண்ட் பில்லை யார் கட்டறது, விசிறிண்டு படுத்துக்கோடா” என்றாய். ஆஸ்பத்திரியையே விலைக்கு வாங்கக்கூடியவள், அவனை இலவச வைத்திய வரிசையில் உட்கார வைத்தாய். எனக்கு இன்னும் ஆறவில்லை அம்மா.

இறப்புச் சான்றிதழைக் கொடுத்து அவன் கணக்கை மூடு. அப்புறம் குழந்தையோடு வருகிறேன்.

ஸ்ரீவல்லி

திருப்பதி
22.4.2025

சௌபாக்யவதி ஸ்ரீவல்லிக்கு ஆசீர்வாதம்.

சான்றிதழைக் கொடுத்துவிட்டேன். நகல் எடுக்கிறவன் கேட்டதைக் கொடுத்தேன், பேரம் பேசவில்லை. இத்தனை நாள் கொடுக்காததற்குக் காரணம் பணம் இல்லையடி. ஒரு இடத்திலாவது அவன் உயிரோடு இருக்கட்டும் என்றுதான்.

அதற்குப் பிறகு வந்த பங்குக்கு நம் இருவர் பேரில் மட்டும் போட்டேன். எனக்கு விழுந்துவிட்டது. அவன் இடம் எனக்கு வந்துவிட்டதோ என்னவோ. இப்போது அவன் அறையில்தான் படுக்கிறேன். சீக்கிரம் வா. ஃபேன் போட்டு வைக்கிறேன்.

அம்மா

திருப்பதி
12.5.2025

அம்மா,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை.

சொன்னபடி குழந்தையோடு வந்தேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. எதிர்வீட்டு வெங்கடலட்சுமி பின்னாலேயே வந்தாள். “ராத்திரியிலேர்ந்து ஃபேன் ஓடிக்கினே கீதும்மா. உங்கம்மா வூட்லயான்னு நாங்க சிரிச்சிக்கினோம்” என்றாள். நீ அண்ணாவின் கட்டிலில், சுவரோரமாய் ஒண்டிப் படுத்திருந்தாய். பக்கத்தில் இன்னொருவர் படுக்க இடம் விட்டிருந்தாய்.

காரியங்கள் எல்லாம் முடிந்தன. இன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறோம். ஸ்ரீப்ரியா உன் பேத்திதான், மறக்காமல் ஃபேனை நிறுத்தப் போனாள்.

ஓடட்டும் என்று சொல்லிவிட்டேன். பில்லை நான் கட்டுகிறேன்.

ஸ்ரீவல்லி