கழிசல்னு சொன்ன வாய்

தோணிரேவு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் நந்தினிக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி மாலதியும் உடம்பளவில் நலம், மூக்களவில் நலமில்லை, அதைக் கீழே எழுதுகிறேன். நீ அந்த நார்வேக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க கங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். வியாழக்கிழமை நீ போனில் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை, குமட்டல். வாயால் சொன்னால் நடுவில் நீ ஏதாவது பேசுவாய், நான் மசிந்துவிடுவேன், அதனால்தான் மாலதியின் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். நானே போட்டோ பிடித்து அனுப்புகிறேன், தலைகீழாக வந்தால் போனைத் திருப்பிப் படித்துக்கொள்.

வீட்டு சங்கதி முதலில். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, ஆனால் வீட்டில் மீன் குழம்பு வைப்பதை நிறுத்திவிட்டாள், நாள் முழுக்கச் சாம்பிராணி போடுகிறாள், நாற்றமும் சாம்பிராணியும் சேர்ந்து இன்னும் மோசமாக இருக்கிறது, சொன்னால் சண்டைக்கு வருகிறாள். மாலதி மீஞ்சூர் கம்பெனிக்குத் தினமும் போய் வருகிறாள். போன வாரம் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாளாம், அக்கா மாதிரி நானும் எங்கியாவது போயிடறேன்னு வந்து அழுதாள். எல்லாம் அந்தச் சேறு செய்கிற வேலை. முகத்துவாரத்தை ஆழமாக்குகிறோம் என்று வந்தவர்கள் தோண்டிய கறுப்புச் சேற்றை நாம் வலை போடும் இடத்துக்கு எதிரிலேயே இரண்டு மாதமாகக் கொட்டுகிறார்கள். அதற்கடியில் மூச்சு முட்டிச் செத்ததெல்லாம் கரைக்கு வருகிறது. மட்டியெல்லாம் வாயைப் பிளந்து, உள்ளே சதை கூழாகி, மேலே மஞ்சள் நுரை கட்டிக் கிடக்கிறது. நாய்கூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. ஊரார் நாள் பிரித்துக்கொள்ளும் பாடு முறையில் போன செவ்வாய் நாம் வலை போடும் நாள், நானும் கூட்டாளி குப்பனும் போனோம். வலை கனத்தது, இறால்தான் என்று ஆசையாக இழுத்தோம், வலை மடி நிறைய அழுகின சிப்பி. முழங்கை வரை கொழகொழவென்று வழிந்தது. இன்னாடா இது, இப்டி ஒரு நாத்தத்த நான் பார்த்ததே இல்லன்னு சொல்லிக்கொண்டே குப்பன் படகிலேயே வாந்தி எடுத்தான். நாற்பது வருஷம் மீனில் புரண்டவன் அவன். நான் சோப்பு போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், மண்ணெண்ணெய்கூட ஊற்றிக் கழுவிப் பார்த்தேன், இன்றுவரை ஸ்பூனால்தான் சாப்பிடுகிறேன்.

இதுவரை உன்னிடம் மறைத்ததை இப்போது எழுதுகிறேன். போன வருஷம், அங்கே சேறு கொட்டலாமா என்று முடிவு செய்ய, அடியில் என்ன உயிர் இருக்கிறது என்று பார்க்க இரண்டு பேர் வந்தார்கள், நம் படகைத்தான் கேட்டார்கள். இரும்புப் பெட்டி ஒன்றைக் கயிற்றில் இறக்கி எட்டு பாகம், எட்டு ஆள் ஆழத்திலிருந்து சேற்றை அள்ளிப் பலகையில் கொட்டினார்கள். அரிசி அளவு நத்தை, நகம் அளவு மட்டி, ஊசி போல ஒன்று, நூல் போல நெளிகிற ஒன்று, எல்லாம் உயிரோடு அசைந்தது. அவர்களில் கண்ணாடி போட்டவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இதுல என்னப்பா இருக்குன்னு என்னைக் கேட்டார். எனக்கு வெயில், பசி, சீக்கிரம் கரை சேர வேண்டும். ஒன்னியும் இல்ல சார், அல்லாம் கழிசல்தான்னு சொன்னேன். ஏலத்துக்குப் போகாதது எதுவாக இருந்தாலும் நமக்குக் கழிசல், அது உனக்கே தெரியும். அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள ஆசையில்லை. போன மாதம்தான் பஞ்சாயத்து ஆபீசில் அவர்கள் ரிப்போர்ட்டை ஒட்டினார்கள். கடலடியில் குறிப்பிடத்தக்க உயிரினம் ஏதுமில்லை, உள்ளூர் மீனவர் துளசிங்கம் இதை உறுதி செய்தார் என்று அச்சடித்திருக்கிறது. விற்க ஒன்றுமில்லை என்று நான் சொன்னது, உயிரே இல்லை என்று தாளில் ஏறிவிட்டது. அந்த ஒன்றுமில்லாததைத் தின்றுதான் நம் இறாலும் நண்டும் வளர்ந்தன. யாருக்கும் சொல்லாமல் பொன்னேரி தாலுகா ஆபீசுக்குப் போய், நான் சொன்னத மாத்தி எழுதணும்மான்னு கேட்டேன். பெரியவரே, அந்த ஃபைல மூடியாச்சுன்னு அங்கிருந்த பெண் சொல்லிவிட்டாள்.

இப்போது உன் சங்கதிக்கு வருகிறேன். இரண்டாயிரம் பாகத்துக்கும் கீழே, வெயிலே படாத கடலடிச் சேற்றில் சிப்பி, நத்தை என்று நாற்பத்தொரு வகை எண்ணியிருக்கிறாய், பாதிக்கு மேல் உலகத்தில் யாரும் இன்னும் பெயர் வைக்கவில்லை, சிலது அள்ளின சேற்றிலெல்லாம் தேடியும் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்றாய். அங்கே உலோகம் தோண்டப் போகிற கம்பெனிக்காரன், பெயர் இல்லாததையெல்லாம் 'மற்றவை' என்று ஒரே வரியில் அடக்கிக் கையெழுத்துப் போடு, வேலையை இரண்டு வருஷம் நீட்டிக்கிறேன் என்கிறானாம். எல்லாரும் அப்டிதான் போடறாங்க நைனா, யாரு அவ்ளோ ஆழத்துல போய்ப் பாக்கப் போறாங்கன்னு நீ சிரித்தாய் பார், அங்கேதான் எனக்குக் குமட்டி, போனை அம்மாவிடம் கொடுத்தேன். நீ அனுப்பிய படத்தில் ஓடே இல்லாமல், புழுவாட்டம், உடம்பெல்லாம் பளபளவென்று முள்ளாக ஒன்று இருந்ததே, அதுவும் சிப்பி சாதிதான் என்றாயே, அதைப் பார்த்தபோதும் உவ்வே என்றுதான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். தொடச் சொன்னால் தொட மாட்டேன். ஆனால் அந்த அருவருப்பு தண்ணீர் குடித்ததும் போய்விட்டது, உன் சிரிப்பு போகவில்லை. நான் தெரியாமல் சொன்னவன், எனக்கே சோறு இறங்கவில்லை. நீ ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து எண்ணினவள், நீ எப்படி இறக்குவாய்.

நாற்பத்தொரு வரி எழுது கண்ணு. பெயர் இல்லாவிட்டால் நம்பர் போடு. வரியை அடிக்க வேண்டுமானால் அவர்கள் பேனாவால் அவர்களே அடித்துக்கொள்ளட்டும். வேலை போனால் புறப்பட்டு வா, ஏர்போர்ட்டுக்கே வந்து உன் பெட்டியைத் தூக்குகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாலும் வருவேன், பெற்றவன் வேறென்ன செய்வேன், ஆனால் பெட்டியை நீயே தூக்கிக்கொள்.

உனக்கு எந்தக் குறையும் வராமல் அந்த அம்மன் காக்கட்டும், கைகால் சுகத்தோடு நீ பல்லாண்டு இருக்க வேண்டும். ராத்திரி மோர் குடிக்காதே, சளி பிடிக்கும். இன்னொன்று, வெள்ளிக்கிழமை அம்மா போனில் அழுதால் பதறாதே. ஊரில் துளசிங்கம் மூன்று பேர் இருக்கிறோம், ரிப்போர்ட்டில் இருப்பது எந்தத் துளசிங்கம் என்று ஊரே பேசுகிறது, அம்மாவும் என்னையே கேட்டாள், தெரியலன்னு சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். எழுந்து நின்று, அது நான்தான் என்று சொல்லப் போகிறேன்.

உன் நைனா
துளசிங்கம்