மூன்றாவது படம்

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் கிடைக்கவில்லை. எனக்கு மூன்றாவது தடவை, அண்ணிக்கு ஏழாவது.

காலை ஏழரைக்கே வாசலில் கார் வந்து நின்றது. வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்தே, "போ, உன் கூட்டாளி வந்துட்டா" என்றார். தன் அக்காவும் நானும் ஒன்றாகச் சுற்றுவது அவருக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் நானும் அண்ணியும் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தாலும் இந்த நோட்டில் ஒரு பக்கம் தேறாது. நாத்தனார் என்றால் அப்படித்தான் என்று நானும் இருந்தேன், தம்பி பெண்டாட்டி என்றால் அப்படித்தான் என்று அவரும் இருந்தார். போன செப்டம்பரில் திடீரென்று, "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்க, கூட வர்றியா? ஒரு டப்பா தேடணும்" என்றார். சமையலறையில் எதுவோ தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஜியோகேச்சிங் என்று பெயராம். யாரோ ஒருவர் ஊருக்குள் எங்காவது ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தைச் செயலியில் புள்ளியாகப் போட்டுவிடுவார். போனைப் பார்த்துக்கொண்டே புள்ளி வரை போய்விடலாம். அதற்கப்புறம் அவரவர் கண். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, 'கண்டேன்' என்று பதிய வேண்டும். இல்லையென்றால் 'காணவில்லை'.

இது கால்வாய் நடைபாலத்துப் பெட்டி. ஒளித்தவர் ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர், ஆட்டத்தில் அவர் பெயர் 'சாவி'. அண்ணி இரண்டு வருடமாகத் தேடுகிறார். இன்றைக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கைப்பிடி முழுக்கத் தடவினோம். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், "மோதிரம் தொலைஞ்சு போச்சாம்மா?" என்று தானும் குனிந்துவிட்டார். அண்ணி கூசாமல் மோதிரத்துக் கல்லின் நிறம் வரை சொல்லி அவரையும் பத்து நிமிடம் தேடவைத்தார். இந்த மனுஷியா பதினான்கு வருடம் என்னிடம் சிரிக்காமல் இருந்தார்?

"அந்தச் சாவிகிட்ட ஒரு துப்பு கேட்டா என்ன அண்ணி?"

"கேட்டா சொல்லிடுவாரு. அப்புறம் நான் எதுக்கு? நீயும் ஆப்ல அந்தப் பெட்டிக்குக் கீழ இருக்கற படங்களைப் பார்த்துத் தொலைக்காத. இடம் தெரியற மாதிரி எவனாவது ஸ்பாய்லர் போட்டோ போட்டிருப்பான்."

நாள் முழுக்க ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து அடுத்தவர் ரத்தத்தில் தேடுகிறவர். ஞாயிற்றுக்கிழமையும் தேடினால்தான் அவருக்கு ஓய்வு.

மார்ச் 5, செவ்வாய்

கிடைத்துவிட்டது! எனக்கு! பதினோரு நிமிடம்!

கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவருக்குக் கடையிலிருந்து மூக்குக்கண்ணாடி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. திரும்பும்போது பாலம். சாப்பாட்டு நேரம், ஆளே இல்லை. தேடலாம் என்றுகூட நினைக்கவில்லை, சும்மா கைப்பிடியில் சாய்ந்து நின்றேன். கம்பத்துக்குக் கம்பம் வரிசையாகப் போல்ட்டுகள். கண்ணாடிக் கடையில் தினமும் அரிசி அளவு திருகாணிகளை முடுக்குகிறவள் நான். முடுக்கிய திருகு எது, சும்மா உட்கார்ந்திருக்கும் திருகு எது என்று கை சொல்லிவிடும். எல்லாப் போல்ட்டையும் சுற்றிப் பெயின்ட் ஒட்டிப் படிந்திருக்க, ஒன்றில் மட்டும் மயிரிழை இடைவெளி. திருகினேன். வந்துவிட்டது. உள்ளே குடைந்து, தாளைச் சுருட்டி வைத்திருக்கிறார் மனுஷன்!

தலைகால் புரியவில்லை. மூன்று படம் எடுத்தேன். கடைக்கு வந்ததும் 'கண்டேன்' என்று பதிந்தேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதியதைத் தட்டினால் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்தும் வைத்தேன். மரியாதை தெரியும் எனக்கு. படம் ஒன்று சேர்த்தேன்.

அண்ணியிடம் ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 6, புதன்

முப்பத்தொரு பேர் பாராட்டியிருக்கிறார்கள். அதே பக்கத்தில் ஒருவர் தன் பத்தாவது முயற்சியிலும் காணவில்லை என்று எழுதியிருக்கிறார். பாவம்.

சாயங்காலம் அந்தச் சாவியிடமிருந்து தனிச் செய்தி. "வணக்கம். கண்டுபிடித்ததற்கு வாழ்த்துகள். படத்தில் இடம் தெரிகிறது. எடுத்துவிட முடியுமா? இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்."

இவர் என்ன எனக்கு வாத்தியாரா? எழுத்தை மறைத்துத்தானே வைத்தேன். ஒரு படத்தில் குடியா முழுகிவிடும்? பதில் போடவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 7, வியாழன்

நாற்பத்தாறு பேர்.

மார்ச் 8, வெள்ளி

அண்ணி கடைக்கு வந்தார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. வாடிக்கையாளர் ஒருவருக்குக் காதுக்கம்பி வளைத்துக்கொண்டிருந்தேன். அவர் போகும் வரை அண்ணி கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணாவது விளக்குக் கம்பம். இடது பக்கம். கீழருந்து ரெண்டாவது போல்ட்டு. சரியா?"

கையிலிருந்த இடுக்கியை டிராயரில் போட்டேன்.

"இன்னிக்கு டீ குடிக்க உக்காந்து போனைத் திறந்தேன். முதல்ல வந்ததே உன் மூஞ்சிதான். உன் பின்னாடி ஓட்டை."

"அண்ணி, நான் எழுதினதை மறைச்சுதான் —"

"படத்தை மறைச்சியா?"

குரலை ஏற்றவே இல்லை. மேஜையில் கிடந்த ஒரு பிரேமை எடுத்துப் பிரித்தார், மடித்தார், இருந்த இடத்திலேயே வைத்தார்.

"ஏழு தடவை பைத்தியம் மாதிரி அங்க போய் நின்னேனே, கிடைக்கலைன்னு அழுதுட்டா வந்தேன்? அந்த ஏழு தடவையும் நான் சந்தோஷமா இருந்தேன்டி. கடைசி மூணு தடவை நீதான் பக்கத்துல இருந்த. உனக்குத் தெரியாதா?"

எழுந்து போய்விட்டார். நான் பின்னறைக்குப் போய், லென்ஸ் அரைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு, படத்தை நீக்கினேன். மூன்று நாள் கழித்து. சாவி சொன்ன புதன்கிழமையே நீக்கியிருந்தால் அண்ணி கண்ணில் பட்டே இருக்காது.

மார்ச் 9, சனி

மறந்துவிட்டேன். படத்தில் இடம் தெரியும் என்று தோன்றவே இல்லை. சந்தோஷத்தில் செய்தது. வேண்டுமென்றா செய்தேன்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு போல்ட்டுக்கா இவ்வளவு? ரெண்டு நாள்ல சரியாயிடுவா, விடு" என்று டிவி பக்கம் திரும்பிவிட்டார். அவருக்கு அக்காவின் கோபம் தெரியும், வருத்தம் தெரியாது.

மார்ச் 10, ஞாயிறு

ஆறரைக்கே எழுந்து ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்குக் கழற்றினேன்.

மார்ச் 12, செவ்வாய்

சாவிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டு வரி எழுதத் தொடங்கி அண்ணி கதை முழுவதும் கொட்டிவிட்டேன். முகம் தெரியாதவரிடம் ஏன் இப்படி என்று அனுப்பியபின் கூச்சமாக இருந்தது.

அடியில் என் நம்பர் போட்டிருந்தேன், போனிலேயே கூப்பிட்டுவிட்டார். கரகரத்த குரல், பின்னால் சாவி வெட்டும் சத்தம்.

"விடுங்கம்மா. புதுசுல நானும் இப்படி ஒரு படம் போட்டவன்தான். நம்ம கண்டுபிடிச்சதை நாலு பேர் பார்க்க வேணாமான்னு கை அரிக்கும்."

"பெட்டியை வேற இடத்துக்கு மாத்த முடியுமா சார்? அண்ணிக்காக."

"பாலத்துல இன்னொரு ஓட்டையா போடறது? அது ஏற்கெனவே காலியா இருந்த ஓட்டைம்மா. அதோட அளவுக்குத்தான் மூணு மாசம் அந்தப் போல்ட்டைக் கடைசல் பண்ணேன்." சாவி வெட்டும் சத்தம் நின்றது. "அந்த லேப் அம்மா எழுதற 'காணவில்லை' இருக்கே, என் வீட்ல வாசிச்சுச் சிரிப்போம். கடைசியா, 'இன்று ஒரு நல்லவரை இல்லாத மோதிரம் தேடவைத்தேன், பெட்டி மட்டும் காணவில்லை'ன்னு எழுதியிருந்தாங்க. எட்டாவதுக்குக் காத்துட்டு இருந்தோம்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 16, சனி

உண்மையை எழுதுகிறேன். இந்த நோட்டை வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

மூன்று படம் எடுத்தேன். முதல் படத்தில் என் முகமும் வானமும் மட்டும். இரண்டாவதில் கையெழுத்துப் போட்ட தாள். மூன்றாவதில் என் முகம், கையில் போல்ட்டு, பின்னால் ஓட்டை, பக்கத்தில் விளக்குக் கம்பம். மூன்றையும் வரிசையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். முதலிரண்டில் ஒன்றைப் போட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அதில் என் சாமர்த்தியம் தெரியவில்லை. மூன்றாவதைத் தொட்டேன்.

தொடும்போது அண்ணி நினைவு வந்தது. வராமல் இல்லை. மறந்துவிட்டேன் என்று போன வாரம் எழுதியது பொய். பார்க்கட்டுமே என்றுதான் தோன்றியது. ரெண்டு வருஷமா நீங்க தேடறீங்க, நான் பதினோரு நிமிஷத்துல எடுத்துட்டேன், பாருங்க அண்ணி. பதினாலு வருஷம் என்னை ஒரு ஆளா மதிச்சீங்களா? அவ்வளவுதான் அந்த நிமிஷத்துல மனசுல இருந்தது. ஆனா அவங்க மதிச்சுத்தானே ஆறு மாசமா என்னைக் கூட்டிட்டுப் போனாங்க? என்ன ஜென்மம் நான்.

நேரில் சொல்லப் போகிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

போனேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து ஒவ்வொன்றாக உதறிக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். மூன்று படத்தையும் சொன்னேன், பார்க்கட்டும் என்று நினைத்ததையும் சொன்னேன். கடைசித் துணிக்கும் அவர் கிளிப் மாட்டினார்.

"இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ" என்றார். "தெரியாம செஞ்சுட்டன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அதைக் கேட்டதும் காலி வாளியைக் கவிழ்த்துவைத்தேன். அழுகையும் வந்துவிட்டது. வாய் தன்பாட்டுக்கு, "நான் இந்த ஆட்டத்தையே விட்டுடறேன் அண்ணி. இனிமே எந்தப் பெட்டியையும் தொடமாட்டேன்" என்றது.

சீ, அதெல்லாம் எதுக்கு என்பார் என்றுதான் சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது.

"சரி" என்றார். கிளிப்புகளை எண்ணிக் கூடையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். காபி கொடுத்தார். குடித்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

பாலத்துப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அண்ணி போய் வந்திருக்கிறார், தனியாக. 'கண்டேன்' என்றும் இல்லை, 'காணவில்லை' என்றும் இல்லை. குறிப்பு என்ற இடத்தில் ஒரே வரி: "போல்ட்டைத் திறந்து பார்த்தேன், வேலைப்பாடு அருமை, கையெழுத்துப் போடவில்லை."

கீழே சாவி ஒரு கும்பிடு மட்டும் போட்டிருக்கிறார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

வீட்டில் ஒரு சின்ன விருந்து, வீட்டுக்காரரின் பிறந்த நாள். அண்ணி வந்தார். நன்றாகவே பேசினார். உப்பு சரியாக இருக்கிறது என்றார், திரைச்சீலை புதிதா என்றார். சண்டையே இல்லை எங்களுக்குள். சண்டை இருந்தால் நன்றாக இருக்கும்.

போகும்போது கூடவே கார் வரை நடந்தேன். முன் இருக்கையில் நான் உட்காரும் இடத்தில் அவர் லேப் கோட்டு கிடந்தது. "பார்த்துப் போங்க அண்ணி" என்றேன்.

ஏப்ரல் 20, சனி

கடையில் ஒரு பெண், புதுக் கண்ணாடியைப் போட்டதும் தெருவைப் பார்த்து, "அந்த மரத்துல இவ்வளவு இலை இருக்கா!" என்றாள். அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? திரும்ப வைத்துவிட்டேன்.

மே 4, சனி

வீட்டுக்காரர் அலமாரியைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஷூவைக் காணோமாம். "நாளைக்கு அக்கா வரச் சொல்லியிருக்கா. ஏதோ டப்பா தேடணுமாம். ஒரு ஆளாத் தேட முடியாதாம், உயரத்துல இருக்காம்."

டிவி ரிமோட்டையே என்னிடம் கேட்டுக் கண்டுபிடிக்கிறவர். ஷூவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"நீயும் வாயேன்" என்றார்.

"உங்களைத்தானே கூப்பிட்டாங்க."

மே 5, ஞாயிறு

வீட்டுக்காரர் மத்தியானம் வந்தார். முழங்காலெல்லாம் மண், முகமெல்லாம் சிரிப்பு. "கிடைச்சிடுச்சு! ஒன்றரை மணி நேரம்! அக்கா என் தோள் மேல ஏறாத குறைதான்" என்று போனை நீட்டினார். "பாரு, எங்க வெச்சிருந்தாங்கன்னு பாரு."

நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஐயோ, காட்டாதீங்க. நான் இன்னும் போகல."

"அட, பரவாயில்ல பாரு. அக்காவேதான் எடுத்துக் கொடுத்தா. உன்கிட்ட காட்டச் சொன்னா."

"என்னன்னு சொன்னாங்க?"

"அவகிட்ட காட்டு, அவதான் விட்டுட்டாளேன்னா. ஏன்?"

தேடப்போகிற ஒருத்தியிடம் அண்ணி இந்த ஜென்மத்தில் படம் காட்டமாட்டார்.

வாங்கிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிச் சுவர், மழைக்குழாய், அதன் வளைவுக்குப் பின்னால் பச்சை டப்பா. நன்றாக வெளிச்சம் விழும் படம். சந்தேகமே வரக்கூடாது என்று அண்ணி தன் விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டியிருந்தார்.

"தெளிவா எடுத்திருக்காங்க" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.